பூங்காவில் ஆறு பேர்

அவரோடு யாருடைய வீட்டுக்காவது விருந்துக்குப் போவதென்றால் எனக்குப் பயம். அந்த வீட்டில் அவர் செய்த சிலை ஏதாவது இருந்தால் இன்னும் பயம்.

எங்கள் நகரத்தை ஒட்டிய இல்-பிசார் தீவில் ஒரு பல் வைத்தியர் அவரிடம் ஓர் இரும்புப் பெண்ணை வாங்கி, ஆற்றைப் பார்த்த கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நிறுத்தியிருந்தார். மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் பஸ் குறைவு. நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் மரியாதை தெரிந்த மனிதர். வாசலில் விட்டுவிட்டுத் திரும்ப நினைத்த என்னையும் உள்ளே அழைத்து மேசையில் இருத்தினார். சூப் குடித்து முடிப்பதற்குள் சிற்பியின் கதிரை வெறுமையாக இருந்தது. கைகழுவப் போயிருப்பார் என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையிலிருந்து இரும்பை இரும்பு சுரண்டும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால், மனிதர் முழங்காலில் நின்று, கோட்டின் உள்பையில் ஒளித்துக் கொண்டுவந்த அரத்தால் அந்தப் பெண்ணின் குதிக்காலை அராவிக்கொண்டிருக்கிறார். வெள்ளைக் கம்பளம் முழுக்க இரும்புத் தூள்.

வைத்தியரின் மனைவி குனிந்து கம்பளத்தைத் தட்டத் தொடங்கினார். வைத்தியர்தான் மெதுவாக, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

“மூண்டு வருசமா இவ பிழையா நிக்கிறா. நீங்கள் ஒருத்தரும் கவனிக்கேல்லையோ?” என்றார் அவர், குற்றம் அவர்களுடையது என்பதுபோல.

திரும்பி வரும்போது பாலம் தாண்டியதும் காரைத் திருப்பச் சொன்னார். மற்றக் குதிக்காலையும் பார்க்க வேண்டுமாம். நான் திருப்பவில்லை. வழி முழுக்க அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

அவர் பேசியது பிரெஞ்சு. அகதியாக வந்த புதிதில் வகுப்பில் படித்த என்னுடைய அரைகுறைப் பிரெஞ்சுக்குள் நுழைந்து வெளியே வரும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும். எனக்கு நினைவிருப்பது அந்தத் தமிழ்தான். அப்படியே எழுதுகிறேன்.

செனெகலின் கடலோரத்தில் ஒரு மீன்பிடி ஊர் அவருடையது. அங்கே சிற்பம் படிப்பித்தவர். இங்கே வந்து பண்டகசாலைகளில் பெட்டி அடுக்கினார், பனி அள்ளினார். நான் வேலை செய்யும் பட்டறைக்கு அவர் வந்தது பழைய இரும்பு கேட்டு. வீடுகளின் வெளிப்படிக்கட்டுகளையும் பல்கனிக் கம்பிகளையும் செய்வதும் பழுதுபார்ப்பதும் எங்கள் வேலை. உப்பும் பனியும் தின்ற படிகளைக் கழற்றிவந்து பின்வளவில் குவித்திருப்போம். அவர் அந்தக் குவியலைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தார். ஒவ்வொரு படியாகத் தூக்கி நடுவில் விரலால் தடவினார். ஆட்கள் மிதித்து மிதித்துத் தேய்ந்து பள்ளமான இடம் அது.

“இதிலை ஆக்கள் ஏற்கெனவே இருக்கினம்,” என்றார்.

எங்கள் போர்த்துக்கேய முதலாளிக்கு அவரைப் பிடித்துப்போனது. கிழமையில் இரண்டு நாள் எங்களோடு வேலை செய்தால் பின்பக்கத்து மூலையை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அப்படித்தான் ஒன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். நான் தொலைபேசியில் கதைப்பதைக் கேட்டு ‘மச்சான்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வயதை நெருங்கிய மனிதர் என்னை அப்படியே கூப்பிட்டார். நான் அவரை ‘அண்ணை’ என்றேன்.

அவர் இருந்து சாப்பிட்டு நான் கண்டதில்லை. கையில் பாண் துண்டை வைத்துக்கொண்டு தான் செய்கிற உருவத்தைச் சுற்றி நடப்பார். பின்னேரங்களில் சின்னக் கேத்தலில் தேத்தண்ணி வைப்பார். அவர்கள் ஊரில் ஒரே இலையை மூன்று தரம் கொதிக்கவைத்து மூன்று தரம் குடிப்பார்களாம். முதல் தரம் கசப்பு, மூன்றாம் தரம் இனிப்பு. அந்த இனிப்புத் தேத்தண்ணியை நானும் முதலாளியும்தான் குடித்திருக்கிறோம். அவர் இரண்டாம் தரத்துக்கே எழுந்து போய்விடுவார். எதையாவது பாதியில் விட்டதுபோல அவருக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

இரண்டு வருடம் ஒரு மாடு செய்தார். முழு மாடு. பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் அதன் முதுகைத் தட்டிவிட்டுப் போவார்கள். பிறகு கால் சரியில்லை என்று வெட்டினார். கால் இல்லாத மாட்டுக்கு வயிறு கனமாக இருக்கிறது என்று வயிற்றைக் கழற்றினார். கடைசியில் ஒரு கொம்பு மிஞ்சியது. அந்தக் கொம்பையும் ஒருநாள் காணவில்லை. இன்னொரு முறை, படம் பிடிக்க வந்தவர் காலையில் பார்த்த உருவத்தை, விளக்குகளைப் பொருத்திவிட்டு மத்தியானம் தேடினார். அது வேறொன்றாக மாறியிருந்தது.

அவருடைய கண்காட்சியை நடத்திய பெண்மணிக்கு இதெல்லாம் தெரியும். சிலைகளை மண்டபத்தில் வைத்த பிறகு தொடமாட்டேன் என்று அவரிடம் கையெழுத்து வாங்கினார். அதுவும் போதாதென்று, அவர் வந்தால் கண் வைத்திருக்கும்படி காவலாளிக்குச் சொல்லிவைத்தார். திறப்பு விழா அன்று எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள். அவர் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி தன்னுடைய சிலைக்கு முன்னால் நின்றார். பைக்குள் விரல்கள் அசைவது எனக்குத் தெரிந்தது.

நாங்கள் சிரித்திருக்கிறோம். ஆனால் எல்லாம் சிரிப்பு இல்லை.

எங்கள் வீடு ரொக்ஸ்பரோவில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட. மேலே நானும் மனைவியும் பிள்ளைகளும், கீழ்த்தளத்தில் அண்ணி. என் ஒரே அண்ணனின் மனைவி. கடைசி யுத்தத்தின் முடிவில் சரணடைந்தவர்களோடு பஸ்ஸில் ஏறிய அண்ணனைப் பிறகு யாரும் காணவில்லை. சில வருடம் தேடித் திரிந்துவிட்டு அண்ணி இங்கே அகதியாக வந்தார். ஒரு கார்தெரியில், பகல்நேரப் பிள்ளைகள் காப்பகத்தில், சமைக்கிறார். கழுத்தில் தாலி இருக்கிறது, நெற்றியில் குங்குமம் இருக்கிறது. சுவரில் அண்ணனின் படம் இருக்கிறது, மாலை இல்லை.

அந்தப் படத்தைச் சிற்பி முதன்முதலில் கண்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. என் மகளின் பிறந்தநாளுக்கு வந்தவர், கேக் வெட்டும் நேரத்தில் படத்துக்கு முன்னால் நின்றார். யார் என்று கேட்டார். சொன்னேன். தான் இந்த ஆளைச் செய்து தரட்டுமா என்று அண்ணியிடம் கேட்கச் சொன்னார். அந்தக் காலத்தில் அவர் ஒரு பெரிய வேலை தொடங்கியிருந்தார். அவருடைய ஊரிலிருந்து ஒரே படகில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டுக் கடலில் காணாமற்போனவர்களில் அவருக்குத் தெரிந்த ஏழு பேரை இரும்பில் செய்துகொண்டிருந்தார். அது அண்ணிக்கும் தெரியும்.

“அவர் செய்யிறது செத்த ஆக்களைத்தானே,” என்றார் அண்ணி. “இவர் பஸ்ஸிலை ஏறினதைக் கண்டனான். செத்ததைக் காணேல்லை. செய்ய வேண்டாமெண்டு சொல்லும் தம்பி.”

சொன்னேன். தலையாட்டினார். இரண்டு கிழமை கழித்து அவருடைய மூலையில் சாக்குக்குக் கீழே கம்பியில் வளைத்த ஒரு தலையைக் கண்டேன். அண்ணனுடைய நெற்றி, அண்ணனுடைய தாடை. வெட்டுக் கத்திரியை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டேன். அவர் வந்து தரையில் கிடந்த கம்பிகளைப் பார்த்தார். கோபப்படவில்லை.

“கை சொல்வழி கேக்குதில்லை மச்சான்,” என்றார்.

நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். ஒரு சனிக்கிழமை கடும் பனிக்குள் ரயிலேறி வந்து, எங்கள் வாசலில் உள்ளே வராமல் நின்று, அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டார். செய்த குற்றத்தையும் அவரே சொன்னார். அண்ணி கதவை அகலத் திறந்து, சப்பாத்தைக் கழற்றிப்போட்டு உள்ளே வரச் சொன்னார். புட்டும் மீன்குழம்பும் வைத்தார். அவர் நின்றபடியே சாப்பிட்டார். முள்ளை நாக்கால் பிரித்தெடுத்த விதத்தைப் பார்த்து, மீன் சாப்பிடத் தெரிந்த மனிதர் என்றார் அண்ணி. அதன் பிறகு வரும்போதெல்லாம் இருவரும் சமையலறையில் நின்று, எந்த மீன் எவ்வளவு நீளம், எப்படிக் கருவாடு போடுவது என்று கையாலேயே கதைப்பார்கள்.

ஏழு பேரும் முடிந்தார்கள். அவர் முடிந்தது என்று சொல்லவில்லை. தென்கரையில், புரோசார்டையும் தாண்டி, ஆற்றோரத்துச் சிறு நகரம் ஒன்று அவர்களைத் தன்னுடைய பூங்காவுக்குக் கேட்டிருந்தது. லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஏழு பேரும் வரிசையாக முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பார்கள். படகு இல்லை, புல்தான். அடித்தகடுகளை ஒட்டியது நான். முன்னால் இருப்பவர் அவருடைய தம்பி. பத்தொன்பது வயதில் போனவர். அவர் போனபின் இருக்க முடியாமல்தான் அண்ணை ஊரைவிட்டு வெளிக்கிட்டாராம். மாதம் ஒருமுறை மெத்ரோவும் பஸ்ஸும் பிடித்துப் போய்க் கம்பித் தூரிகையால் அவர்களைத் தேய்த்துவிட்டு வருவார். கொங்கிரீற்றில் பூட்டியிருந்ததால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அவர்கள் அங்கே போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஒரு கோடை காலத்து மத்தியானம், அவருடைய கிரைண்டர் சத்தம் நடுவில் நின்றது. கையில் தொலைபேசியோடு வந்து என் முன்னால் நின்றார்.

“அவன் வந்திட்டான் மச்சான். தம்பி.”

பதினேழு வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதன் ஊருக்கு வந்து அம்மாவின் வாசலில் நின்றிருக்கிறான். ஏதோ ஒரு கரையில் ஒதுங்கி, சிறையில் இருந்து, கப்பல்களில் வேலை செய்து, பெயரே மறந்துபோய் அலைந்தவனாம். அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. முகத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்ரை பிள்ளை என்று கட்டிக்கொண்டாராம். இதைச் சொன்னபோது அவர் அழவில்லை. பட்டறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். முதலாளி தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

பத்து நாளில் ஊருக்கு விமான டிக்கெட் போட்டார். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது என்றார். உயிரோடு இருக்கிறவன் செத்தவர்களோடு இருக்கக் கூடாது. நகரசபைக்கு எழுதினார். குழு இலையுதிர் காலத்தில்தான் கூடும், அப்போது பரிசீலிப்போம் என்று பணிவான பதில் வந்தது. அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அதுவரைக்கும் அவன் அங்கை இருக்கேலாது. அம்மா இருக்கிற வீட்டுக்கு நான் எப்பிடிப் போறது?”

எனக்கு அப்போது குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு அழைப்பு வரவேண்டிய நேரம். பொலிசில் என் பெயர் விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். வீட்டில் இந்தக் கதையைச் சொன்னதுதான் பிழை. அண்ணி கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

“பதினேழு வருசமோ?” என்று கேட்டார். பிறகு, “நானும் வாறன்,” என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மூன்று பேரும் பூங்காவில் நின்றோம். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள். அவர் பற்றரியில் ஓடும் கிரைண்டரை எடுத்து, தம்பியின் அடித்தகட்டிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக அறுத்தார். பொறி பறந்தது. நாயோடு வந்த ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். நான் பட்டறையின் வான் வண்டிக்குள் இருந்தேன். சாவியில் கையை வைத்தபடி, போய்விடலாம், போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலாவது ஆணி அறுந்து உருவம் புல்லில் சரிந்தபோது பொலிஸ் வாகனம் வந்தது.

வந்தது ஒரு பொலிஸ்காரி, கூட நகரசபை ஆள் ஒருவர். கிரைண்டரைக் கீழே வைக்கச் சொன்னார்கள். வைத்தார். இது தான் செய்த சிலை என்று அவர் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். ஆனால் இப்போது அது அவருடையது இல்லையே என்றார் நகரசபை ஆள். சிற்பி வேகமாகப் பேசத் தொடங்கினார், தம்பி, படகு, அம்மா என்று எல்லாம் ஒன்றாக. அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது அண்ணி முன்னால் வந்தார். கார்தெரிப் பிள்ளைகளோடு பேசுகிற பிரெஞ்சுதான் அண்ணிக்குத் தெரியும். சாப்பிடு, கை கழுவு, ஓடாதே. அந்தப் பிரெஞ்சில், புல்லில் கிடந்த உருவத்தைக் காட்டி, “இல் ஏ விவான், மடாம்,” என்றார். இவர் உயிரோடு இருக்கிறார், அம்மா. பிறகு மற்ற ஆறு பேரையும் கையால் காட்டி, இவர்கள் இல்லை என்று தலையாட்டினார்.

பொலிஸ்காரி கொஞ்ச நேரம் அண்ணியைப் பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்து சிற்பியின் பெயரை எழுதினார். என்னுடைய சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வாங்கி எழுதினார். உருவத்தைத் திரும்பப் பூட்டச் சொல்லவில்லை. நகரசபை ஆளும் சிற்பியுமாகத் தூக்கி நகரசபை வாகனத்தில் வைத்தார்கள், களஞ்சியத்துக்குக் கொண்டுபோக. வைக்கும்போது அவர் உருவத்தின் பிடரியில் கை கொடுத்துத் தாங்கியதைக் கண்டேன்.

வழக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு கடுமையான கடிதம் வந்ததாம், அவர் போன பிறகு. ஆனால் அது தெரியும்வரை மூன்று மாதம், தபால்பெட்டியைத் திறக்க மனைவியைத்தான் அனுப்பினேன். சத்தியப்பிரமாணத்துக்கு அழைப்பு வந்த நாளில்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அதைவிட அண்ணியை நினைத்துத்தான் எனக்குப் பயம். சிற்பி ஊருக்குப் போன நாளிலிருந்து அண்ணி நிலைகொள்ளவில்லை. பழைய தொலைபேசி இலக்கங்களைத் தேடி எடுத்தார். அண்ணனோடு பஸ்ஸில் ஏறியவர்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக அழைத்தார். படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்தார். வேலைக்குப் போகும் ரயிலுக்குள்ளும் யாரோடோ கதைத்துக்கொண்டு போனார். “மறந்துபோயும் இருப்பினம் தம்பி. பேர் மறந்த ஆக்கள் எத்தினை பேர் எங்கை இருக்கினமோ,” என்றார். எனக்குச் சிற்பிமீது கோபம் வந்தது. தனக்கு ஒரு தம்பி கிடைத்தது போதாதென்று என் வீட்டுக்குள்ளும் எதையோ கிளறிவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். அதற்கடியில் பொறாமையும் இருந்தது என்பதை இப்போது சொல்லலாம்.

போய் ஐந்து கிழமை கழித்து, ஒரு ஞாயிறு காலை அவருடைய அழைப்பு வந்தது. பின்னால் ஆடு கத்தும் சத்தம். நான் தம்பி எப்படி என்று கேட்டேன்.

“தம்பி சின்ன வயசிலை படகிலையிருந்து விழுந்தவன்,” என்றார். “காறை எலும்பு முறிஞ்சு, முடிச்சுப்போட்ட மாதிரிப் பொருந்தினது. அந்த முடிச்சை நான் எத்தினை தரம் தொட்டிருக்கிறன். இவன் கிணத்தடியிலை குளிக்கேக்கை பாத்தனான். இவனுக்கு அது இல்லை மச்சான்.”

அப்போ வந்தவன் யார் என்று கேட்டேன்.

“தம்பியோட படகிலை இருந்தவனாயிருக்கும். எங்கடை நாயின்ரை பேர் தெரியும். அம்மா பாடுற பாட்டுத் தெரியும். தம்பி சொல்லியிருப்பான். எத்தினை நாள் கடலிலை இருந்தாங்களோ. எனக்குத் தெரியுமெண்டு அவனுக்கும் தெரியும். சாப்பிடேக்கை என்னை நிமிந்து பாக்கிறானில்லை. அம்மா அவனுக்கு மீன் முள்ளு எடுத்துக் குடுக்கிறா.”

“என்ன செய்யப்போறியள் அண்ணை?”

“அவனுக்கு ஒரு அறை கட்டிறன். அம்மான்ரை அறைக்குப் பக்கத்திலை.”

தம்பியின் உருவம் நகரசபைக் களஞ்சியத்தில்தான் இருந்தது. அதைத் திரும்ப வைக்கச் சொல்லி எழுதட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம்,” என்றார். “அம்மா உயிரோடை இருக்கும்வரைக்கும் வேண்டாம்.”

அவர் திரும்பி வரவில்லை. வருடத்தில் ஒன்றிரண்டு தரம் கதைப்பார். அம்மா இன்னும் இருக்கிறார். பட்டறையில் அவருடைய மூலையில் இப்போது பெயின்ற் வாளிகள் அடுக்கியிருக்கிறோம். பூங்காவில் ஆறு பேர் இருக்கிறார்கள்.

அன்று தொலைபேசியை வைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போனபோது அண்ணி மேலே வந்திருந்தார். மேசையில் அண்ணனின் படப் பிரதிகளைப் பரப்பி, ஒவ்வொன்றையும் கடித உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அவர்தானே கதைத்தது என்று கேட்டார். ஓம் என்றேன். தம்பிக்காரன் சுகமா என்று கேட்டார். சுகமாம், அம்மா மீன் முள்ளு எடுத்துக் கொடுக்கிறாவாம் என்றேன். அண்ணி சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கனகாலம்.

“பதினேழு வருசத்திலை ஆள் எவ்வளவு மாறியிருக்கும்,” என்றார், ஓர் உறையை நாக்கால் ஈரமாக்கி ஒட்டியபடி. “அவருக்குப் பாத்த உடனை அடையாளம் தெரிஞ்சுதாமோ?”

“ஓம் அண்ணி,” என்றேன். “பாத்த உடனையே தெரிஞ்சுதாம்.”